தீப்பெட்டிக் கேமராவும் பாதாளக்கரண்டியும்

குவைத்திலிருந்து என் தங்கை வீட்டுக்காரர் அனுப்பிய பொட்டலத்தில் தைலம், பாதாம் பருப்பு, பிள்ளைக்குக் கவுன், இவற்றுக்கு நடுவே ஒரு சாக்ஸுக்குள் சுருட்டி வைத்த கறுப்புச் சாமான் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. முன்னால் ஒற்றைக் கண். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கொசு வெரட்டுற மிசினு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சொருகுவதற்கு பிளக் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் குரல் வாட்ஸப்பில் வந்தது.

"மச்சான், அது கேமரா. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆவாது, கீழ விழுந்தாலும் ஒடையாது. நெஞ்சுல மாட்டிக்கிற பெல்ட்டும் வச்சிருக்கேன். பாப்பா காதுகுத்துக்கு எனக்கு லீவு இல்லைன்னுட்டாங்க. நம்ம வீட்டு விசேசம் எல்லாத்தையும் நம்ம சனத்தோட பின்மண்டையாத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன். யாராச்சும் போன்ல புடிப்பாங்க, வேற யாராச்சும் முன்னாடி வந்து நிப்பாங்க. இந்த ஒரு தடவ, பாப்பா ஒங்க மடியில உக்காந்திருக்கறப்ப ஒங்க நெஞ்சுலேர்ந்து நான் பாக்கணும். எம் மடியில இருக்கற மாதிரி இருக்கும்ல."

பிள்ளை பிறந்தபோது வந்து பார்த்துவிட்டுப் போனவர் அவர். அப்போது அது கண் திறக்காத துணி மூட்டை. இப்போது தவழ்ந்து வந்து என் வேட்டியை இழுக்கிறது. தங்கையும் பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அந்தக் குரலைத் தங்கை இரண்டாம் முறை போட்டுக் கேட்டாள். பிறகு முந்தானையால் போனைத் துடைத்தாள். போனில் தூசி எதுவும் இல்லை.

தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கத்தில் எந்தக் காதிலும் ஓட்டை விழாது. என் உடம்பில் ஊர் மதிக்கிற ஒரே உறுப்பு அந்த மடிதான். அதற்கு மேலே இருக்கும் தொப்பையையும், அதற்கும் மேலே இருக்கும் மூளையையும் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து உண்டு.

"காதுகுத்து வரைக்கும் இத பீரோவுல வச்சுப் பூட்டிருவோம்ணே" என்றாள் தங்கை.

"பழக வேணாமா? பைக்க பூட்டி வச்சா ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், நான் பைக் பழகிய காலத்தில் எங்கள் தெருவிலிருந்த இரண்டு வேலிகளும் ஒரு வைக்கோல் போரும் தெரிந்தன. ஆனாலும் கொடுத்துவிட்டாள்.

முதல் பழக்கம் கொடும்பாளூருக்கு. ஹெல்மெட்டில் கேமராவை ஒட்டிக்கொண்டு, மூவர் கோயிலை உலகத்துக்கே காட்டப்போகிறேன் என்று கிளம்பினேன். போகிற வழியெல்லாம் விளக்கவுரை வேறு. வீட்டுக்கு வந்து டிவியில் போட்டால், ஒட்டியது சரிந்து கேமரா என் முகத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. எங்கள் ஆலங்குடியிலிருந்து கொடும்பாளூர் வரை என் மூக்குத் துவாரம். கோயிலிலும் என் மூக்குத் துவாரம். பின்னணியில் கொஞ்சம் வானம்.

என் மனைவி நின்று பார்த்துவிட்டு, "சோழங்க காலத்துக் குகை மாதிரி இருக்குங்க" என்றாள்.

ஹெல்மெட்டை விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு இறங்கினேன். ஃபிரிட்ஜுக்குள் வைத்து, கதவைச் சாத்தினால் விளக்கு அணைகிறதா என்று பார்த்தேன். அணைகிறது. இத்தனை வருடச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் நான் சொல்லச் சொல்ல ஒருவரும் கேட்கவில்லை. பீரோவுக்கு அடியில் விட்டதில் மனைவியின் திருகாணி கிடைத்தது. அப்போதுதான் வீட்டில் எனக்கு முதல் முறையாக, கேட்காமலே, இரண்டாவது காபி வந்தது.

பிறகு தென்னை. காய் பறிக்கிற அலக்குக் கம்பின் நுனியில் கேமராவைக் கட்டி மேலே தூக்கினால், குருத்தில் வண்டு விழுந்திருக்கிறதா, பாளைக்குள் குளவி கூடு வைத்திருக்கிறதா என்று கீழே நின்றபடி போனில் பார்த்துவிடலாம். மரம் ஏறுகிறவருக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "அண்ணே, மொதல்ல ஒங்க பொட்டிய ஏத்துங்க. குளவி அதைக் கொட்டட்டும், பெறகு நான் ஏறுறேன்" என்பார். 

பசுவின் கழுத்தில் கட்டி மேய்ச்சலுக்கு விட்டதுதான் பெரிய துப்பறியும் வேலை. எங்கள் பசு வீட்டில் கழனித்தண்ணியை மோந்துகூடப் பார்க்காது. ஏதோ சீக்கு என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். கேமரா காட்டியது: காலையில் நேராக மூன்று வீடு தள்ளிப் போகிறது, அங்கே ஒரு கொல்லையில் நிற்கிறது, ஒரு வளையல் கை வாளியை முன்னால் வைக்கிறது, பிண்ணாக்கு வாசனை திரைக்கு வெளியிலேயே அடிக்கிற மாதிரி ஒரு கலக்கல். "குடிடி ராசாத்தி. ஒங்க வீட்டுல வெறுந்தண்ணிய ஊத்துறாளுவ" என்று குரல்.

குரல் எங்கள் அத்தாச்சியுடையது. என் பங்காளி அண்ணன் பெண்சாதி. தெருவின் பாதாளக்கரண்டி அவர் வீட்டில்தான் இருக்கிறது.

பாதாளக்கரண்டி என்பது இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் சாமான். கிணற்றில் வாளியோ குடமோ விழுந்தால் கயிற்றில் கட்டி இறக்கி, அடியில் துழாவி, சிக்கியதை இழுக்க வேண்டும். தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும், ஆனால் அந்த ஒன்றைச் சும்மா இரவல் கொடுக்கக் கூடாது. ஒரு பாத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். ஈடு வாங்காமல் கொடுத்தால் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரும் என்பது ஐதீகம். அத்தாச்சி இதில் கறார். அவர் சொந்த மகள் கேட்டு வந்தபோதுகூட ஒரு தூக்குவாளியை வாங்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

ஒருநாள் அத்தாச்சியின் செம்பே கிணற்றில் விழுந்துவிட்டது. எங்கள் பங்காளி வீடுகளுக்கெல்லாம் பொதுவான கிணறு, அந்த வருட மழையில் நன்றாக ஊறியிருந்தது. அவர் குருட்டாம்போக்கில் துழாவித் துழாவிக் கை சலித்து நின்றபோது, நான் கரண்டிக்குச் சற்று மேலே நைலான் கயிற்றால் கேமராவைக் கட்டி இறக்கினேன். தண்ணீருக்குள் போனதும் போனில் படம் நின்றுவிடும். அதனால் இறக்குவது, ஏற்றுவது, போட்டுப் பார்ப்பது, "செம்பு கெழக்க கெடக்கு" என்று சொல்லி மறுபடி இறக்குவது. மூன்றாவது இறக்கத்தில் செம்பு வந்தது. அத்தாச்சி செம்பைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தார்.

"யோவ் கொழுந்தனாரே, இது நம்ம கரண்டி சாதிய்யா. இதயும் ஈடு வாங்காமக் குடுக்காதே. சண்டை வரும்."

அவர் சொன்னால் தெருவுக்குச் சட்டம். அடுத்த நாளிலிருந்து கேமரா கேட்டு வந்தவர்கள் ஈட்டோடு வந்தார்கள். சாக்கடைக் குழாயில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்க ஒருவர் இட்லிப் பானை மூடியை வைத்துவிட்டு எடுத்துப்போனார். (அடைத்திருந்தது அவர் பனியன்.) ஓட்டுக்கு மேலே பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு பித்தளை அண்டா வந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் வண்டியின் பின்பக்கம் கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் நடுவீட்டில் சாத்தினார்.

"இது வீடா, ஏலக்கடையா?" என்று கேட்டாள் மனைவி.

"மக்கள் சேவை" என்றேன்.

"மக்கள அந்த டயர எடுத்துக்கிட்டுப் போவச் சொல்லுங்க. பாப்பா அதுக்குள்ள எறங்கி உக்காந்துக்கிட்டு வர மாட்டேங்குது."

காதுகுத்துக்கு முதல் நாள் வந்தது. உறவுகள் வந்து இறங்கிவிட்டார்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துச் சின்னம்மாக்கள் முந்திரிக்கொட்டைப் பையோடு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள். மோட்டார் ஓடவில்லை, கரண்ட் இல்லை. கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து வாளி உள்ளே போய்விட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இத்தனை சனத்துக்கு முன்னால் வித்தை காட்ட வாய்ப்பு.

கேமராவையும் நைலான் கயிற்றையும் கையில் எடுத்துக்கொண்டு அத்தாச்சி வீட்டு வாசலில் போய் நின்றேன். "கரண்டி குடுங்க அத்தாச்சி."

"ஈடு?"

"இன்னக்கி ஏனம் பாத்திரமெல்லாம் சமையலுக்கு எடுத்தாச்சு. வாளிய எடுத்ததும் கொண்டாந்து குடுத்துர்றேன்."

"நாளைக்கு நல்ல காரியத்த வச்சிக்கிட்டுச் சும்மா குடுக்கவா? கையில என்ன அது, கயிறா? அத இங்கிட்டு வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு வந்தேன். கேமராவைக் கட்டுகிற கயிறு அதுதான் என்பது கிணற்றடிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்டால் சின்னம்மாக்கள் சிரிப்பார்கள். பந்தலில் வாழைமரம் கட்டியவர்கள் போட்டுவிட்டுப்போன வாழைநார் காலடியில் கிடந்தது. நார் நனைந்தால் இறுகும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். கட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, அது பூக்கட்டுற நாருங்க" என்றாள்.

"பௌதிகம் தெரியாமப் பேசாதே" என்றேன்.

வாழைநார் நனைந்தால் இளகும். தேங்காய் நார்தான் இறுகும். இந்தப் பௌதிகத்தை நான் கிணற்றடியில், உறவினர்கள் முன்னிலையில், நடைமுறையாகக் கற்றுக்கொண்டேன். கரண்டி வாளியோடு மேலே வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கரண்டிக்கு மேலே ஒரு துண்டு வாழைநார் மட்டும் ஈரமாக ஆடிக்கொண்டிருந்தது.

தங்கை கூட்டத்துக்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவருக்கு என்னண்ணே சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கரண்டியைத் திரும்ப இறக்கினேன். ஒரு துருப்பிடித்த சங்கிலி வந்தது. ஒரு பிளாஸ்டிக் மக்கு வந்தது. எப்போதோ விழுந்த ஒரு டம்ளர் வந்து, அது யார் வீட்டு டம்ளர் என்று இரண்டு சின்னம்மாக்களுக்குள் விவாதம் வந்தது. கேமரா வரவில்லை. வழவழப்பான சாமான், கொக்கி மாட்டுவதற்குக் காதுமில்லை கழுத்துமில்லை. எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் மேலே மட்டும்தான். தொப்பை என்னை அடிக்குப் போகவிடாது. மிதவைக்குச் செய்த உடம்பு.

கூச்சல் கேட்டு அத்தாச்சி வந்து எட்டிப் பார்த்தார். "என்னய்யா, உள்ள என்ன தேடுறே?"

சொன்னேன்.

"எதுல கட்டினே?"

அதையும் சொன்னேன். அவர் கிணற்றுக் கட்டைச் சுவரில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்து, சேலையை வரிந்து சொருகினார்.

"நான் எறங்கி எடுத்துத் தாரேன். ஈடு என்ன வைக்கிறே?"

"எம் மானத்த வைக்கிறேன் அத்தாச்சி."

"அது ஏற்கெனவே அடகுல கெடக்கு. வேற?"

"என்ன வேணாலும் கேளுங்க."

"ஒங்க பசு எங்க வீட்டுக்கு வாரத யாரும் தடுக்கக் கூடாது."

என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். அத்தாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஐம்பதைத் தாண்டிய மனுஷி, படிக்கட்டில்கூட இறங்கவில்லை, கட்டையிலிருந்தே குதித்தார். தண்ணீர் எழும்பி வந்து சின்னம்மாக்களை நனைத்தது. முதல் முறை வெறுங்கையோடு வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி மூழ்கினார். இரண்டாம் முறை தண்ணீருக்கு மேலே முதலில் வந்தது ஒரு கை, அந்தக் கையில் கேமரா. அதன் சிவப்பு விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

எடுத்துப் போட்டுப் பார்த்தோம். பச்சை இருட்டில் இரண்டு கெண்டைக் குஞ்சுகள் வந்து லென்ஸைக் கொத்திப் பார்த்தன. பிறகு மேலே ஓர் இடி. குமிழிகளுக்கு நடுவே, கன்னம் இரண்டும் உப்பி, கொண்டை அவிழ்ந்து மிதக்க, கண்ணைப் பெரிதாக விழித்துக்கொண்டு அத்தாச்சி வருகிறார். கெண்டைக் குஞ்சுகள் ஓடிப்போயின. அந்த இடத்தை அத்தாச்சி நாலு தடவை போடச் சொன்னார். "நல்லாத்தான்யா இருக்கேன்" என்றார். தங்கை அப்போதுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து கேமராவை வாங்கித் துடைத்து, சாக்ஸில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை மனைவியிடம் கொடுத்தாள். என்னிடம் இல்லை.

மறுநாள் குலதெய்வக் கோயில். முந்திரிக் காட்டுக்கு நடுவே பந்தல், மைக்செட்டு, ஒருபக்கம் அடுப்புப் புகை. நெஞ்சில் பெல்ட்டை மாட்டிக் கேமராவைப் பொருத்தினால், என் தொப்பை அதை நேராக வானத்துக்குத் தூக்கிவிட்டது. மாப்பிள்ளைக்குக் கழுகுதான் தெரியும். மனைவி ஒரு துண்டைச் சும்மாடு மாதிரிச் சுருட்டி, கேமராவின் பின்பக்கத்தில் மேலாக வைத்து அடைத்ததும் அது குனிந்து பார்த்தது. சீர்த்தட்டோடு வந்து பலகையில் சம்மணம் போட்டேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள்.

மொட்டை போடும்வரை நன்றாகத்தான் இருந்தது. அழுகை இருந்தது, ஆனால் படம் இருந்தது. தலையில் சந்தனம் தடவியதும் பிள்ளை திரும்பிப் பார்த்தது. நெஞ்சில் சிவப்பாக மினுக்கும் விளக்கு கண்ணில் பட்டுவிட்டது. அழுகை நின்றது. இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்து இழுத்தது. பெல்ட்டிலிருந்து அது கழன்று கையோடு போனது. அடுத்த நொடி வாயில்.

"புடுங்குண்ணே!" என்றாள் தங்கை.

பிடுங்கினேன். முந்திரிக் காட்டில் இருந்த மயிலெல்லாம் பறக்கிற மாதிரி ஓர் அலறல். ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆசாரி, "அத குடுத்துருங்க. சின்னப்புள்ள தலைய ஆட்டுனா நான் எங்கிட்டுக் குத்துறது?" என்றார். கொடுத்தேன். பிள்ளை கடிக்க, ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அலறல். கேமராவை எடுத்து ஒருமுறை ஆட்டியது, வாயைப் பிளந்தது, மறுபடி கடித்தது. அடுத்த காது. முடிந்தது. எல்லோரும் வாழ்த்தினார்கள். கேமராவிலிருந்து எச்சில் ஒழுகியது.

அதாவது, கடல் தாண்டி இருக்கும் ஒரு மனிதன் கேட்ட ஒரே ஒரு படத்தில், காது குத்திய நேரம் முழுக்க அவர் மகளின் தொண்டை இருட்டு. கிணற்றிலிருந்து மீட்டது இதற்கா என்று நினைத்துக்கொண்டேன். தங்கை என் சோற்றில் இன்னொரு கறித்துண்டு வைத்தாள். அதுவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து, வெட்டாமல் ஒட்டாமல் முழுசாக அனுப்பிவிட்டோம். என்னுடைய யோசனை, நல்ல இடங்களை மட்டும் அனுப்பலாம் என்பது. "எல்லாத்தயும் அனுப்பு. அவரு பொண்ணு வாய் தானே" என்றாள் தங்கை.

காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டார். நான் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு மன்னிப்பை ஆரம்பித்தேன். "மாப்ள, நேத்து என்ன ஆச்சுன்னா..."

"மச்சான், பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருக்கு!"

"என்னது?"

"பல்லு மச்சான்! அரிசி கணக்கா ரெண்டு. வாயத் தொறந்து கேமராவக் கொண்டாரா பாருங்க, வெயிலு உள்ள விழுது, பளிச்சுனு தெரியுது. நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன். ரூம்ல எல்லாரையும் எழுப்பிக் காட்டிட்டேன். ஒங்க யாருக்கும் தெரியலயா?"

தெரியாது. அத்தனை பேர் வீட்டில் இருக்கிறோம். சோறு ஊட்டுகிறோம், கொஞ்சுகிறோம், வாயைத் துடைக்கிறோம். ஒருவருக்கும் தெரியாது. அவர் முகம் திரை முழுக்க இருந்தது, தூங்காத கண்ணோடு. "நான்தான் மச்சான் மொதல்ல பாத்தேன்" என்றார். மறுபடியும் சொன்னார். பக்கத்தில் வந்து நின்ற தங்கை இந்த முறை போனைத் துடைக்கவில்லை, முகத்தைத் துடைத்தாள்.

எனக்கோ அவசரமான ஒரு விசாரணை இருந்தது. மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் இந்த மாதிரிக் கதையையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

"மாப்ள, மேலயா, கீழயா?"

"அதான் சரியாப் புரியல மச்சான். கேமராவ அவ தலைகீழா புடிச்சிருந்தாளோ என்னமோ."

போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். பிள்ளை பாயில் உட்கார்ந்து ஒரு முருங்கைக்காயைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. காதில் புதுத் தோடு, மொட்டையில் காய்ந்த சந்தனம். குனிந்து, "ஆ காட்டு தங்கம்" என்றேன். காட்டவில்லை. விரலை மெல்ல வாய்க்குள் விட்டேன்.

நறுக்கென்று கடித்தது. வலி விரலின் அடிப்பக்கத்தில்.

"கீழதான்!" என்று கத்தினேன். போனுக்குள்ளிருந்து மாப்பிள்ளை சிரிக்கிற சத்தம் நடுவீடு வரை கேட்டது. விரலை விடுவிக்க எனக்கு அவசரமில்லை. இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.